மாசமில்லாத கட்டுச்சோறு

பிப்ரவரி 15

ஈரோட்டிலிருந்து திரும்பும் பஸ்ஸில் ஒரு கல்லூரிப் பெண் எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள்.

"உக்காருங்க்கா. எத்தன மாசம்?"

"அஞ்சு" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேறென்ன விளக்கம் சொல்ல முடியும்? மடியில் ஸ்கேன் உறையை வைத்துக்கொண்டு கோபி பஸ் ஸ்டாண்டு வரும்வரை மாசமாக இருப்பவள் மாதிரியே உட்கார்ந்து வந்தேன். இடுப்பில் ஒரு கையைக்கூட வைத்துக்கொண்டேன். இறங்கும்போது கண்டக்டர், "பாத்தும்மா, மெதுவா" என்றார்.

உள்ளே இருப்பது குழந்தை இல்லை. இடது சினைப்பையில் நீர்க்கட்டி. எவ்வளவு பெரிசு என்று கேட்டதற்கு டாக்டர் அம்மா இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். சின்னத் தர்பூசணி. ஒரு வருஷமாக நான் இதைத் தொப்பை என்று நினைத்து ராத்திரிச் சோற்றை விட்டிருந்தேன். பிள்ளை பெற்ற வயிறு அப்படித்தான் இருக்கும் என்று அத்தையும் சொல்லியிருந்தார்.

"பெரும்பாலும் சாதாரணக் கட்டியாத்தான் இருக்கும்மா. ஆனா ரத்தத்துல ஒரு அளவு கூடுதலா இருக்கு. உள்ள தடுப்புத் தடுப்பாவும் தெரியுது. எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினாத்தான் நல்லதா கெட்டதான்னு சொல்லமுடியும்."

கெட்டதாக இருந்தால் கர்ப்பப்பையையும் சேர்த்து எடுப்பார்களாம். அதற்கப்புறம் நீண்ட வைத்தியம். மார்ச் ஆறாம் தேதி ஆபரேஷன்.

கூட வந்திருந்த நவநீ பஸ்ஸின் பின்பக்கம் நின்றுகொண்டு வந்தார். (எதிரில் புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டேன். இங்கே எழுதலாம்.) வீட்டுக்கு வந்ததும்தான் வாயைத் திறந்தார். "மோட்டாரு மாதிரிதான் கோகி. காயில் கம்பியப் பிரிச்சாத்தானே உள்ள கருகியிருக்குதா இல்லியான்னு தெரியும்." சொன்ன பிறகு அவர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே. சத்தி ரோட்டில் மோட்டார் ரிவைண்டிங் பட்டறை வைத்திருப்பவருக்கு வேறு உவமை எங்கிருந்து வரும்? முகம் கழுவுகிறேன் என்று போனார். வெகுநேரம் கழித்து வந்தபோது தலையும் நனைந்திருந்தது.

மகள் ஆதிரைக்கு இரண்டு வயது எட்டு மாதம். தேதி போட்டால் ஏதாவது எழுதவேண்டுமே என்று எழுதுகிறேன்.

பயமில்லை.

பிப்ரவரி 17

முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தோம். சும்மா கேட்டேன், "அத்தை, உங்களுக்கு சின்ன வயசுல மொதமொதலா ஞாபகம் இருக்கறது எதுங்?"

மாமியார் யோசித்தார். "எங்கூட்டு எருமக்கன்னு கெணத்துல உழுந்தது. கவுறு கட்டி எடுத்தாங்க."

"அப்ப என்ன வயசுங்?"

"அஞ்சு இருக்குமாட்ட இருக்குது. எதுக்கு அம்மிணி?"

"சும்மாதானுங்."

நவநீயிடமும் கேட்டேன். எல்.கே.ஜி. சேர்த்த அன்று டிரவுசரிலேயே போய்விட்டாராம். அதை இத்தனை பெருமையாகச் சொல்பவரை நான் பார்த்ததில்லை. அது நான்கு வயது. எனக்குத் தம்பி பிறந்தது ஞாபகம் இருக்கிறது. அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில் ரொட்டி தின்றாள். அது மூன்றரை வயதுக்கு மேல். அதற்கு முன்னால் யாருக்கும் ஒன்றும் இல்லை.

ஆதிரைக்கு அந்த வயது அடுத்த தை மாசத்தில்தான் வரும்.

கீரையில் நிறையக் காம்பு நின்றுவிட்டது.

பிப்ரவரி 20

வெளியில் யாருக்கும் சொல்லக்கூடாது என்று அத்தை உத்தரவு. "கண்ணு படறாப்பல நாக்கும் படும். நல்லபடியா ஆவட்டும், அப்பறம் சொல்லிக்கலாம்."

"அக்காளுக்குமாம்மா?" என்றார் நவநீ.

"அவளுக்குச் சொன்னா காங்கயத்துக்கே மைக் வெச்சாப்பல."

ஆதிரைக்கு மட்டும் நவநீ சொல்லிவிட்டார். அம்மா வயிற்றில் ஒரு தண்ணி பலூன் இருக்கிறது, டாக்டர் எடுத்துவிடுவார். அவள் என் வயிற்றில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "தூங்குது" என்றாள்.

பிப்ரவரி 23

ஆதிரை என் காது மடலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களுக்கு என்ன செய்வது? நவநீயை நடுவில் படுக்கவைத்துப் பழக்குகிறோம். ஒரு தடவை அவர் காதைத் தொட்டுப் பார்த்தவள், கன்னத்தில் கை பட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"அப்பா முள்ளு."

இன்று பட்டறையிலிருந்து வரும்போதே சவரம் செய்துகொண்டு வந்திருந்தார், பொழுது சாய்கிற நேரத்தில். அத்தை கதவோரம் நின்று பார்த்துவிட்டு, "மாப்ள எந்த ஊருக்குப் பொண்ணு பாக்கப் போறாராமா?" என்றார்.

காது கிடைத்தது. ஆனால் பாதித் தூக்கத்தில் அவரைத் தாண்டி உருண்டு என்னிடம் வந்துவிட்டாள். தள்ளிப் படுக்கவைத்திருக்க வேண்டும். நாளைக்குச் செய்துகொள்ளலாம்.

பிப்ரவரி 25

ரசத்தில் கடுகு இருந்தால் ஆதிரை துப்பிவிடுவாள். வடிகட்டித்தான் ஊற்றவேண்டும். நவநீக்குச் சொல்லிவிட்டேன். ரெட்டைச் சடைக்கு நடு வகிடு எடுக்கவும் காட்டிக்கொடுத்தேன். காப்பர் கம்பியைத் தலைமுடி கனத்துக்குச் சுற்றுகிற மனிதருக்கு இரண்டு ரப்பர் பேண்டு போடத் தெரியவில்லை. பிள்ளைக்கு ஒரு சடை வானத்தைப் பார்க்கிறது, இன்னொன்று பூமியை.

பிப்ரவரி 26

நம்பியூரில் ஒரு கல்யாணம். போகாமல் இருக்க முடியாது. பட்டுச்சேலை கட்டியும் வயிறு மறையவில்லை. பந்தியில் ஓர் அம்மாள் என் இலையில் இரண்டாவது லட்டைப் போடச் சொல்லிவிட்டு அத்தையிடம் குனிந்தார்.

"ஏனுங், மருமகளுக்கு ரண்டாவதுங்களா?"

அத்தை ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. மேலே கையைக் காட்டி, "எல்லாம் அவஞ் செயல்" என்றார்.

வண்டியில் வரும்போது அத்தை, "பொய் சொல்லல பாத்துக்க" என்றார்.

மார்ச் 3, ஞாயிறு

காலையில் வாசலில் ஓர் ஆம்னி வேன் வந்து நின்றது. முதலில் இறங்கியது ஒரு தூக்குப்போசி. அப்புறம் இன்னொன்று. அப்புறம் அடுக்கடுக்காகப் பாத்திரங்கள். கடைசியில் வசந்தாமணி நங்கை. நவநீயின் அக்கா. புருஷனுடைய அக்காவை எங்கள் பக்கம் நங்கை என்போம். கூடவே காங்கயத்துப் பெண்கள் இரண்டு பேர், தட்டில் பூ, சந்தனம், கண்ணாடி வளையல்.

"ஏன்டி கோகி, அஞ்சு மாசத்த முந்தானைக்குள்ள மறைச்சுப்போட்டா எனக்குத் தெரியாமப் போயிருமா? கல்யாணத்துல பாத்தவீங்க வந்து சொல்லித்தான் நாந் தெரிஞ்சுக்கோணுமா? எங்கம்மாளப் பாரு, வாயே தொறக்கல!"

அத்தை கரண்டியும் கையுமாக அடுப்படி வாசலில் நின்றுவிட்டார்.

கட்டுச்சோறு கொண்டுவந்திருக்கிறார். மாசமாக இருக்கிற பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து வகைவகையாகச் சோறு கட்டி எடுத்துவந்து, சந்தனம் பூசி, உட்காரவைத்துப் போடுவார்கள். ஆதிரை வயிற்றில் இருந்தது கொரோனா காலம். தெருவை அடைத்திருந்தார்கள், யாரும் வரவில்லை. வந்திருந்தாலும் என் அம்மா இல்லை. நான் கல்லூரி இரண்டாம் வருஷம் படிக்கும்போதே போய்விட்டாள்.

"உங்கம்மா இருந்திருந்தா ரண்டாவதுக்காச்சும் செஞ்சிருப்பா. அந்தக் கொறைய நாந் தீக்கறேன். மணையப் போடு."

"அக்கா, அது வந்து..." என்றார் நவநீ.

"நீ பேசாத. போயி எலை அறுத்துட்டு வா."

மணை போட்டு உட்காரவைத்தார். புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தேங்காய்ச்சோறு, எள்ளுச்சோறு, தக்காளிச்சோறு, சர்க்கரைப் பொங்கல், மாதுளை உதிர்த்துப் போட்ட தயிர்ச்சோறு. வீடெல்லாம் பெருங்காய வாசனை. இரண்டு கையிலும் வளையல் ஏறியது. நான் அப்போதே சொல்லியிருக்கலாம். நவநீ என்னைப் பார்த்தார், நான் அத்தையைப் பார்த்தேன், அத்தை கரண்டியைப் பார்த்தார். பஸ்ஸில் சொன்ன அதே பொய்தான், இப்போது மணை போட்டு, சந்தனம் பூசி.

ஆதிரை எலுமிச்சஞ்சோற்றிலிருந்து கடலையை மட்டும் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, "அத்தே, அம்மா வயித்துல பாப்பா இல்ல. பலூன். டாக்டரு எடுக்கும்" என்றாள்.

காங்கயத்துப் பெண்கள் சிரித்தார்கள். நங்கையும் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் அவருக்குத் தெரிந்தது. என் கன்னத்தில் சந்தனம் பூசிய கை அப்படியே நின்றது.

"என்னடா சொல்றா இவ?"

நவநீ சொன்னார். நாலே வரியில் சொல்லிவிட்டார். நல்லதா கெட்டதா என்ற இடம் வந்தபோது மட்டும் ஆதிரையைத் தூக்கிக்கொண்டார்.

"கூடப்பொறந்தவளுக்குச் சொல்றதுக்கு என்னடா உங்களுக்கு?" நங்கையின் குரல் உடைந்துவிட்டது. அத்தை அப்படியே அடுப்படிப் படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

வந்திருந்தவர்களில் ஒருத்தி மெதுவாகப் போசி மூடிகளை எடுத்து மூட ஆரம்பித்தாள். "மாசமில்லாதவீங்களுக்கு இது செய்யக்கூடாதுங்க அக்கா. எடுத்து வெச்சிருலாங்."

"எது கூடாது?" நங்கை அவள் கையிலிருந்த மூடியைப் பிடுங்கினார். "கட்டிக் கொண்டாந்த சோத்த அவுக்காமத் திருப்பிக் கொண்டுபோறதுதான் கூடாது. எதுக்குடி கட்டுச்சோறு போடறோம்? வயித்துல இருக்கறது நல்லபடியா எறங்கோணும்னுதானே? புள்ளைன்னாலும் எறங்கித்தான் ஆவோணும், கட்டின்னாலும் எறங்கித்தான் ஆவோணும். புதங்கெழம இவளுக்கு எறங்கப்போவுது. உக்காரு எல்லாரும். டேய் நவநீ, எல எங்கடா?"

மூடியை எடுத்தவள்தான் முதலில் வந்தாள். சந்தனத்தைத் தொட்டு என் கன்னத்தில் வைத்து, "சொகமா எறங்கட்டும் சாமி" என்றாள். அடுத்தவளும் வைத்தாள். அப்புறம் அத்தை எழுந்து வந்தார். மாமியார் என் கன்னத்தைத் தொட்டது கல்யாணத்தன்று. அதற்கப்புறம் இன்றுதான்.

ஏழு வகையும் சாப்பிட்டேன். எள்ளுச்சோற்றில் காரம் அதிகம். கண்ணில் தண்ணீர் வந்தது.

வேன் திரும்பிப் போய்விட்டது. நங்கை போகவில்லை.

மார்ச் 4

காலையில் இட்லி தின்னும்போது பஸ்ஸில் அஞ்சு மாசம் என்று சொன்ன கதையைச் சொன்னேன். நங்கைக்குப் புரை ஏறிவிட்டது. "இடுப்புல கை வேற வெச்சியா? அடிப் பாதகத்தி!"

அப்புறம் என் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டார். அவரிடமும் கேட்டேன். "நங்கை, உங்களுக்கு மொதமொதலா ஞாபகம் இருக்கறது எதுங்?"

கை நின்றது.

"எதுக்குக் கேக்கற?"

"சும்மாதானுங்."

"சும்மா கேக்கற மூஞ்சியா இது?" சடையை வெடுக்கென்று இழுத்தார். "உம்பட புள்ள உன்னய நெனப்பு வெச்சிருக்குமான்னுதானே கணக்குப் போடற? எம்மெஸ்ஸி கணக்குப் படிச்சது இதுக்குத்தானா? திரும்பு அக்கட்டால."

திரும்பிக்கொண்டேன். அவர் பின்னி முடித்தார். ரிப்பனை முடிந்த பிறகுதான் சொன்னார்.

"ஒண்ணும் ஆவாது. அப்புடியே ஆனாலும் நானிருக்கறனல்லொ. ஆதிரைக்கு, உங்கம்மா எப்புடிச் சிரிப்பா, எதுக்கு அழுவா, அல்லாஞ் சொல்லித் தருவேன். பஸ்ஸுல பொய் சொல்லி எடம் புடிச்சது வரைக்கும் சொல்லுவேன். போதுமா? இனி யாரையும் போயிக் கேக்காத. எங்கம்மா பயந்துக்கும்."

எண்ணெய் நெற்றியில் வழிந்தது, துடைத்துக்கொண்டேன்.

மார்ச் 5

ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. ஆதிரை வாசல்படியில் நின்று டாட்டா காட்டினாள். பட்டறைக்குப் போகும் அப்பாவுக்குக் காட்டுவது மாதிரி. அதுவே நல்லது.

நகை எதுவும் இருக்கக்கூடாது என்று நர்ஸ் சொன்னாள். கண்ணாடி வளையல்களைக் கழற்றி நங்கை தன் கையில் மாட்டிக்கொள்ளப் பார்த்தார், பாதிக் கையோடு நின்றுவிட்டது. "பாரு, இத்துணூண்டு கையி! சோறு திங்கறியா இல்லியா நீயி?" சோப்புப் போட்டுத்தான் கழற்றவேண்டியிருந்தது. நர்ஸும் சேர்ந்து இழுத்தாள். ரெண்டு உடைந்தது. மொத்த வார்டும் சிரித்தது.

நவநீ இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். எழுத முடியவில்லை. விளக்கை அணைக்கச் சொல்கிறார்கள்.

பயமாக இருக்கிறது.

மார்ச் 9

இருக்கிறேன்.

மார்ச் 10

இன்று சாய்ந்து உட்கார முடிந்தது. கட்டி உடையாமல் முழுதாக வந்துவிட்டது. இடது சினைப்பை போய்விட்டது. வலது பக்கமும் கர்ப்பப்பையும் இருக்கின்றன. ஆபரேஷன் நடக்கும்போதே ஒரு துண்டை எடுத்துப் பார்த்ததில் சந்தேகப்படும்படி இல்லையாம். "ஆனாலும் முழு ரிப்போர்ட் வந்தாத்தான் உறுதியாச் சொல்லுவேன்" என்றார் டாக்டர் அம்மா. இன்னும் காத்திருக்கவேண்டும்.

வெளியே ட்ரேயில் வைத்து நவநீக்குக் காட்டினார்களாம். ஆதிரை பிறந்தபோது இருந்ததைவிடக் கனமாம். பார்த்ததும் அவருக்குத் தலைசுற்றி, அவரையும் ஒரு பெஞ்சில் படுக்கவைத்தார்களாம். நங்கை சொல்கிறார், "உள்ள பொண்டாட்டி, வெளிய புருசன். நடுவுல நானு ஓடிட்டுக் கெடந்தேன்."

சிரித்தால் தையல் இழுக்கிறது. அவரைப் பேசவேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அதற்கும் ஏதோ சொன்னார்.

மார்ச் 12

வீடு.

ஆதிரை தூரத்திலேயே நின்று வயிற்றைப் பார்த்தாள். "பலூன் எங்க?"

"டாக்டர் எடுத்துட்டாங்க கண்ணு."

"எனக்குக் கேட்டியா?"

கேட்கவில்லை என்று மன்னிப்புக் கேட்டேன். "தூக்கு" என்று கையை நீட்டினாள். ஆறு வாரம் தூக்கக்கூடாது. கட்டிலில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தாள், எல்லாம் இருக்கிறதா என்று சரிபார்ப்பது மாதிரி.

நான் இல்லாத நாட்களில் அவள் அப்பா காதைப் பிடித்துக்கொண்டு அழாமல் தூங்கினாளாம். இன்றும் அப்படித்தான் தூங்கினாள். நல்லதுதான். இதற்காகத்தானே பழக்கினோம். நல்லதுதான்.

மார்ச் 15

ரிப்போர்ட் வரவில்லை.

மார்ச் 16

வரவில்லை. அத்தை இன்று சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டார். மூன்று பேரும் நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டோம். ஆதிரை மட்டும் துப்பினாள்.

மார்ச் 19

நவநீ காலையிலேயே ஈரோடு போயிருந்தார். போன் அடித்ததும் ஆதிரை எடுத்து, "அப்பா, எனக்கு பலூன்" என்றாள். வாங்கிக் காதில் வைத்தேன். பஸ் ஸ்டாண்டு இரைச்சல் மட்டும் கேட்டது.

"ஏனுங்."

போனை இன்னும் அழுத்திக் காதில் வைத்தேன்.

"ஏனுங், சொல்லுங்."

"கோகி..." மறுபடியும் இரைச்சல். யாரோ ஒருவன் சேலம், சேலம் என்று கத்திக்கொண்டிருந்தான். நான் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். அந்தச் சேலம்காரனை வாழ்நாளில் மறக்கமாட்டேன்.

"கெட்டது இல்லையாமா. சுத்தமா இல்லையாமா. எழுதியே குடுத்துட்டாங்க."

அப்புறம் அவர் அழுதார். பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, சத்தமாக. நான் அழவில்லை. "பஸ்ஸுல பாத்து ஏறுங்க, சாப்புட்டீங்களா" என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நங்கை என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, "அம்மா!" என்று ஒரு சத்தம் போட்டார். அத்தை அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். விஷயம் கேட்டதும் கொல்லைப்பக்கம் போய், அங்கே உட்கார்ந்திருந்த காக்காயை வெகுநேரம் திட்டினார். திரும்பி வந்து போனை எடுத்தவர் வைக்கவே இல்லை. நம்பியூர், காங்கயம், தாராபுரம். கட்டி எவ்வளவு பெரிசு என்று ஒவ்வொருவருக்கும் கையை விரித்துக் காட்டிச் சொன்னார், போனில்.

நங்கை நாளைக்குக் கிளம்புகிறார். பாத்திரங்களை விளக்கி எடுத்துவைக்கும்போது சொன்னார், "அடுத்த தடவ நெசமா மாசமானா மொத போன் எனக்குத்தான். மாத்திச் சொன்னீனா நாங் கட்டுச்சோறு கொண்டாரமாட்டேன்."

அவர் தூங்கப்போன பிறகு அழுதேன். இப்போது சரியாகிவிட்டது.

மார்ச் 29

ஆபரேஷனுக்கு அப்புறம் முதல் தடவையாகக் கடைவீதிக்குப் போனேன். ஜூனில் ஆதிரையைப் பள்ளியில் விடவேண்டும். செருப்பு வாங்கலாம் என்று மூன்று பேரும் போனோம். தூக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டாள். கையைப் பிடித்துக்கொள் என்றேன், பிடித்துக்கொண்டாள்.

கடைக்காரர் அவளை ஸ்டூலில் உட்காரவைத்துப் பாதத்தை அளந்தார். சிவப்பில் ஒன்று எடுத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அளவாப் போட்டுறலாங்களா, இல்ல வளர்றதுக்கு உட்டுப் பாக்கறீங்களா?"

"உட்டே குடுங்க" என்றேன். "ரண்டு சைஸ் பெருசா."

நவநீ என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆதிரை புதுச் செருப்போடு இறங்கி டப் டப்பென்று கடை வாசல்வரைக்கும் நடந்தாள். ஒவ்வோர் அடிக்கும் குதிகால் வெளியே வந்தது.

"தடுக்கி உழுந்துருவா கோகி" என்றார்.

"நான் புடிச்சுக்கறனுங்" என்றேன்.